வெள்ளிக்கிழமைக்கு நான்கு கால்

குட்டாயிசி சந்தையில் என் கடைக்கு வந்து
வெள்ளிதோறும் நான்கு பன்றிக்கால் வாங்குவாள்.
தோல் கிழியக் கூடாது, தீயில் பொசுக்கக் கூடாது.
காஷ் சூப்புக்கு யார் இப்படிக் கேட்கிறார்கள்?
ஈர்க்குச்சி மணிக்கட்டு.
நான்கையும் எவன் தின்கிறான் என்று வீட்டில் கேட்டேன்.
"காசு தருகிறாளா இல்லையா?" என்றாள் நானுலி.

ஒருநாள் சிற்றுந்தில் பார்த்தேன்.
முன் இருக்கைக் கம்பியில்
கறுப்பு நூலை முடிந்துகொண்டிருந்தாள், கண்ணை மூடியபடி.
வலம் மேல், இடம் கீழ்.
பிறகு மாற்றி.
டிரைவர் பிரேக் போட்டதும் நாங்களெல்லாம் சாய்ந்தோம்.
அவள் விரல்கள் சாயவில்லை.
இறங்கிப் போன பிறகும் கம்பியில்
எண்பது தொண்ணூறு முடிச்சு, எலிவால் சடையாகத் தொங்கியது.
பைத்தியம் என்று நினைத்தேன்.
கடவுள் மன்னிக்கட்டும்.

நேற்றுக் காலை, மாட்டுத் தொடை மூட்டில்
கத்தி வழுக்கி என் இடது கைக்கு வந்தது.
முப்பத்தொரு வருடம் சொன்ன பேச்சுக் கேட்ட கத்தி.
கட்டைவிரலடியில் புண் வாய் திறந்தது.
எதையோ சொல்ல வந்த வாய்.

மருத்துவமனையில் முகமூடிக்கு மேலே இரண்டு கண்.
"நீங்களா!"
"நீயா? அப்போ சூப் இல்லையா?"
"சூப் இல்லை, ஜும்பேர் மாமா. விரலை ஆட்டுங்கள்.
இங்கே தொட்டால் தெரிகிறதா?"
சட்டையில் பெயர் குத்தியிருந்தது: தேக்லே.
இத்தனை வெள்ளிக்கிழமை நான் கேட்டதே இல்லை.

மரத்துப்போக ஊசி போட்டாள். உப்புநீரால் கழுவினாள், கழுவினாள்,
நான் குடல் கழுவுவதைவிடப் பொறுமையாக.
வளைந்த ஊசியை விரலால் தொடவே இல்லை.
இடுக்கியின் மூக்கில் பிடித்து நெட்டுக்குத்தாக இறக்கி
மணிக்கட்டை மட்டும் திருப்பினாள்.
ஊசி தன் வளைவிலேயே போய்
எதிர்க்கரையில் தலை நீட்டியது.
இந்தக் கரையில் எவ்வளவு தள்ளியோ
அந்தக் கரையிலும் அவ்வளவே.
என் தராசுக்கு இந்த நேர்மை கிடையாது.

வலியில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.
இடுக்கியில் நூலை இரண்டு சுற்று, வாலைப் பிடித்து இழுப்பு.
அடுத்தது எதிர்ப்பக்கம் ஒரு சுற்று.
மறுபடி இந்தப் பக்கம்.

"எல்லாம் ஒரே பக்கமாகப் போட்டால்?"
"முடிச்சு மாதிரியே இருக்கும்.
ராத்திரி வழுக்கிவிடும்."
பக்கத்துக் கடை அவ்தோவை நினைத்துச் சிரித்தேன்.
"ஆடாதீர்கள்" என்றாள்.

மூன்றாவது தையலில் இறுக்கிவிட்டாள்.
தோல் வெளுத்தது.
நான் கறி தெரிந்தவன்,
ரத்தம் போகாத இடத்தின் நிறம் எனக்குத் தெரியும்.
நான் வாய் திறக்குமுன் அவளே கண்டாள்.
வெட்டினாள். உருவினாள். அவள் கை நடுங்கியது.
"மன்னியுங்கள். ஓரங்கள் சேர்ந்தால் போதும்,
நெரியக் கூடாது."

இதை என் பன்றிக்கால் அவளுக்குச் சொல்லியிருக்காது.
செத்த தோல் வெளுப்பதில்லை.
நாளைக்கு வீங்குவதில்லை.
தைப்பவளின் முகத்தைப் பார்ப்பதுமில்லை.
நான் பார்த்தேன். பிறகு
ஜன்னலைப் பார்த்தேன், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

முடிந்தது.
முடிச்சுகள் எல்லாம் ஒரே ஓரமாக,
வெட்டின் மேல் ஏறி உட்காராமல்,
மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் மாதிரி.
ஆறு தையல்.
"ஆறும்" என்றாள். "பன்னிரண்டு நாள் கழித்து வாருங்கள்.
வெள்ளிக்கிழமை கடை உண்டா?"
"ஒற்றைக் கையோடு உண்டு. இன்னுமா கால் வேண்டும் உனக்கு?"
கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை நனைந்திருந்தது.
"வேண்டும்" என்றாள். "மூன்றாவது தையல்."

இன்று ஒரு பன்றி வந்திருக்கிறது, இளசு, நல்ல தோல்.
நானுலி வெட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன்.
நான்கு காலையும் தனியே எடுத்து வைத்தாயிற்று.
பொசுக்கவில்லை.